சின்னதாக ஒரு காடு வாங்கியிருக்கிறீர்கள்: முதல் வருஷம் என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இதுதான்: மூன்று ஏக்கர் மரக்காடு கைக்கு வந்திருக்கிறது. பாதி இடத்தில் பெரிய மரங்கள், அடியில் ஆள் நுழைய முடியாத புதர், அங்கங்கே பட்டுப்போன மரங்கள். புதரை இயந்திரம் விட்டு வழித்துவிட்டு, பட்ட மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, காலி இடம் பூராவும் கன்று நட்டுவிடலாமா? எதில் தொடங்குவது?

மூன்றையுமே இந்த வருஷம் செய்யாதீர்கள். வாங்கிய சந்தோஷத்தில் கை பரபரக்கும், எனக்குத் தெரியும். பதினேழு வருஷத்துக்கு முன் நானும் ஏறக்குறைய இதே அளவு இடம் வாங்கினேன். வாங்கிய மூன்றாம் வாரமே மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரு ஏக்கரை வழித்தேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. சாயங்காலம் பார்த்தபோது மரங்களுக்கு நடுவே தரை பளிச்சென்று, பூங்கா மாதிரி இருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு அந்த ஒரு ஏக்கரில் முழங்கால் உயரக் களை. அதற்கடுத்த வருஷம் முன்பைவிட அடர்த்தியாக, தலை உயரத்துக்கு உண்ணிச்செடி. இயந்திரம் போய்வந்த தடத்தில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் நாள்கணக்கில் நின்றது. நான்காம் வருஷம் இரண்டு பெரிய மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கின.

மரம் காய்ந்ததற்குக் காரணம் மண். மரத்தின் உறிஞ்சுவேர்களில் பெரும்பகுதி ஆழத்தில் இருப்பதில்லை. மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் பரவிக் கிடக்கும், அதுவும் கிளைகள் விரிந்திருக்கும் வட்டத்தைத் தாண்டி வெளியே வரை. கனமான இயந்திரம் முதல் இரண்டு மூன்று முறை ஓடும்போதே மண்ணுக்குக் கெடுதலில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. ஈரமண் என்றால் கேட்கவே வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் காற்றிடம் நசுங்கிப்போனால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். ஆனால் மரம் அதை மேலே காட்ட வருஷங்கள் ஆகும். அதனால்தான் பலர் காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை.

களை வந்ததற்குக் காரணம் வெளிச்சம். நான் புதரை எடுத்தபோது தரை முழுக்க வெயிலை இறக்கிவிட்டேன், மண்ணையும் கிளறிவிட்டேன். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும் விதைகளில் வெயிலும் கிளறலும் கிடைத்ததும் முந்திக்கொண்டு எழுபவை களைகள். காட்டு மரக்கன்றுகள் அந்தப் புதர் நிழலில் விரற்கடை உயரத்தில் காத்துக்கொண்டிருந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்து வழித்து எறிந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. காடு வைத்திருப்பவர் செய்கிற எந்த வேலையாக இருந்தாலும், கடைசியில் அது எங்கே எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் வந்து நிற்கிறது. அந்த முடிவை எடுக்கும் அளவுக்கு இடத்தைத் தெரிந்துகொள்ள ஒரு முழு வருஷம், எல்லாப் பருவமும் ஒரு சுற்று வர வேண்டும்.

அந்த வருஷத்தில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. வேலை நிறைய இருக்கிறது.

முதலில் காகித வேலை. எல்லை எங்கே ஓடுகிறது, உங்கள் நிலத்துக்குள் யாருக்காவது வழிப்பாதை உரிமையோ தண்ணீர் உரிமையோ இருக்கிறதா, மேலே மின்கம்பி போகிறதா, கீழே குழாய் போகிறதா என்பதைப் பத்திரத்திலும் அளவுப்படத்திலும் பார்த்து, அப்படியே நடந்தும் பாருங்கள். எல்லைக்கற்களைத் தேடி எடுத்து வர்ணம் அடித்து வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரரை வரவழைத்து, அவர் முன்னிலையில் ஒரு சுற்று நடந்துவிட்டால் பின்னால் வரும் சண்டைகளில் பாதி வராது. இன்னொன்று: சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். சில மரவகைகளை அறவே தொடக்கூடாது. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் தடை இருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் பகுதி வன அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அரிவாளைத் தொடும் முன்பு இதை முடித்துவிட வேண்டும்.

பிறகு நடை. வாரம் ஒருமுறையாவது, ஒரே நேரத்தில் போகாமல், விடியற்காலை, உச்சிவெயில், அந்தி என்று மாற்றி மாற்றிப் போங்கள். நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு கட்டாயம் போக வேண்டும். தண்ணீர் எங்கே நுழைகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் பார்ப்பதுபோல் வேறு எப்போதும் பார்க்க முடியாது. எங்கே பாதை போடலாம், எங்கே போட்டால் பாதையே ஓடையாகிவிடும் என்பது அன்றைக்குத் தெரியும். ஐந்தாறு இடங்களில் முளைக்குச்சி அடித்து, அதே குச்சி அருகில் நின்று, அதே திசையைப் பார்த்து மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் ஞாபகத்தைவிட அந்தப் படங்களைத்தான் நீங்கள் நம்புவீர்கள்.

நடக்கும்போது எல்லாரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். தரையைப் பாருங்கள். என் இடத்தில் ஒரு பெரிய மரத்தின் கிளை ஒன்று படுக்கையாக நீண்டிருக்கும். அதில் பறவைகள் வந்து உட்காரும். அந்தக் கிளைக்கு நேர் கீழே, இரண்டு பாய் விரிக்கும் இடத்தில், ஒருநாள் குத்துக்காலிட்டு எண்ணினேன். ஏழு வகைக் கன்றுகள். அதில் மூன்று வகைக்கு என் நிலத்தில் தாய்மரமே கிடையாது. பறவைகள் எங்கிருந்தோ பழத்தைத் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிட்டிருக்கின்றன. ஒவ்வொரு கன்றும் தனக்குப் பிடித்த மண்ணில், தனக்கு வேண்டிய வேரைத் தானே இறக்கி நின்றது. இப்படி ஒரு நாற்றங்கால் தானாக நடந்துகொண்டிருக்கும்போது, ஆயிரம் கன்று வாங்கி வந்து குழி தோண்டுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும்.

அளந்தும் வையுங்கள். கணக்கு எளிது. 5.64 மீட்டர் நீளக் கயிற்றை ஒரு குச்சியில் கட்டிச் சுற்றி வந்தால் அந்த வட்டம் ஏறக்குறைய 100 சதுர மீட்டர். நல்ல இடமாகப் பார்த்துப் பொறுக்காமல், காட்டின் குறுக்கே ஒரு நேர்கோடு போட்டு, சம தூரத்தில் ஆறேழு வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் என்னென்ன மரம், நெஞ்சு உயரத்தில் ஒவ்வொன்றும் என்ன சுற்றளவு என்று எழுதுங்கள். நெஞ்சு உயரம் என்றால் பெரும்பாலான நாடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர். வட்டத்துக்குச் சராசரி 8 மரம் இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 320 மரம். உயரம் பார்க்க, உங்கள் கை நீளத்துக்குச் சமமான குச்சியை நீட்டிய கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டே இருங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். தரை சமமாக இருந்தால் இது நன்றாகவே பொருந்தும்.

எழுதி முடித்ததும் அந்தத் தாளில் ஒன்றை மட்டும் தேடுங்கள். குழந்தை, இளவட்டம், நடுவயசு, கிழம் என எல்லா வயசும் இருக்கிறதா? பெரிய மரங்கள் மட்டும் இருந்து, இடுப்புயரத்தில் ஒன்றுமே இல்லையென்றால், பார்வைக்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. நிழல் அதிகமாக இருக்கலாம், அல்லது முளைத்ததை எல்லாம் ஆடோ மானோ மேய்ந்துவிடலாம். மேய்ச்சல் என்றால் அடையாளம் இருக்கும்: கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தரி வைத்தாற்போல் முடிந்திருக்கும்.

முதல் வருஷத்திலேயே தொட வேண்டிய மரங்கள் ஒரே ஒரு வகை. பாதை மேலோ, பக்கத்து வீட்டின் மேலோ, மின்கம்பி மேலோ விழக்கூடிய மரம். அடித்தூரில் தட்டுத் தட்டாகக் காளான், ஒரு பக்கம் மண் விரிசல் விட்டு வேர் மேலெழும்புவது, கவட்டையில் பிளவு, பாதி முறிந்து மேலே சிக்கி நிற்கும் கிளை, இதெல்லாம் எச்சரிக்கை. இவற்றைத் தேர்ந்த ஆளை வைத்து அப்புறப்படுத்துங்கள். நீங்களே செய்ய வேண்டாம். செயின்சா என்கிற இயந்திர ரம்பத்தின் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கு மேல் ஓடும். முறையான பயிற்சி, தலைக்கவசம், காதுக்கும் கண்ணுக்கும் காப்பு, சங்கிலியை நிறுத்தும் இழை வைத்த காற்சட்டை, கனத்த பூட்ஸ், கூடவே இன்னொரு ஆள், இதில் ஒன்று குறைந்தாலும் அதைக் கிளப்பாதீர்கள். வெட்டுபவரைத் தவிர மற்ற எல்லாரும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும்போது பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்ட மரத்துக்குக் கீழே போகவே போகாதீர்கள். அனுபவசாலிகளையே சாகடிக்கும் சூழ்நிலை அது.

மற்ற பட்ட மரங்களை நிற்க விடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பின்லாந்துக் காட்டு உயிரினங்களைக் கணக்கெடுத்தபோது, அவற்றில் 20 முதல் 25 சதவீதம் பட்ட மரத்தையும் மக்கும் கட்டையையும் நம்பித்தான் வாழ்கின்றன என்று தெரியவந்தது. வண்டு, காளான், பாசி, பொந்தில் வாழும் ஆந்தை, வௌவால் என்று ஒரு பெரிய குடும்பம். நின்றபடி பட்ட மரம் வேறு, விழுந்து கிடக்கும் கட்டை வேறு, வெயிலில் காய்வது வேறு, நிழலில் ஈரத்தோடு மக்குவது வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடித்தனக்காரர்கள். மக்கிய கட்டை கோடையில் பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன் மேலேயே கன்றுகள் முளைக்கும். பட்டமரத்திலிருந்து நோய் பரவிவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். செத்த மரத்தைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் பெரும்பாலும் பச்சை மரத்தின் பக்கம் போவதில்லை. உங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்தால் அது தனிக்கதை, அப்போது வன அலுவலர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி புதர். இதில் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் மோஸ்மன் பகுதியில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்று அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். 1960-களில் தங்கள் வீட்டுப் பக்கத்துக் காட்டுத்துண்டில் நடக்கப் போகும்போதெல்லாம், கையால் கொஞ்சம் கொஞ்சமாக அந்நியக் களைகளைப் பிடுங்கி வந்தார்கள். எல்லாரும் களை மிக மோசமாக மண்டிய இடத்தில்தான் கை வைப்பார்கள். அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். காடு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே தொடங்கி, அங்கிருந்து மோசமான இடத்தை நோக்கி நகர்ந்தார்கள். பிடுங்கிய இடத்தில் மண்ணைக் கிளறாமல் சருகை இழுத்து மூடினார்கள். சொந்தச் செடிகள் வந்து அந்த இடத்தை நிரப்பும் வரை அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. வேகத்தை முடிவு செய்தது காடு, அவர்கள் அல்ல. நடவே இல்லாமல் அந்த இடம் மீண்டது. பிராட்லி முறை என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

நான் வழித்த அந்த ஏக்கரை இந்த முறையில்தான் மீட்டேன், ஒன்பது வருஷம் ஆனது. அதைத் தொடங்கும் முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும்: புதர் எல்லாம் களை அல்ல. உங்கள் மண்ணுக்கே சொந்தமான புதர்ச்செடிகள் பறவைக்குக் கூடு, கன்றுக்கு முள்வேலி. ஆடு வாய் வைக்காத முட்புதருக்குள் ஒரு மரக்கன்று பத்திரமாகத் தலை தூக்குவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆகவே ஒரு பூப்பருவம் முழுக்கப் பார்த்து, எது சொந்தம், எது வந்தேறி என்று செடி தெரிந்தவரோடு நடந்து பெயர் எழுதுங்கள். வந்தேறியை மட்டும், நல்ல இடத்தின் ஓரத்திலிருந்து, ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர் மட்டும் எடுங்கள். உண்ணிச்செடியை அரிவாளால் சீவினால் பத்து மடங்கு துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே மண்ணுக்குள் வேரை வெட்டி, செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்து சாகும். காய் பிடிக்கும் முன் செய்வது முக்கியம். வெட்டிய இடத்தை மூன்று வருஷம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க நேரம் இல்லையென்றால் அங்கே வெட்டவே வேண்டாம்.

வெட்டுவது பற்றிய கேள்வி இரண்டாம், மூன்றாம் வருஷத்தில்தான் வரும். நெருக்கத்தைக் கலைத்துவிட நினைக்கும்போது ‘எதை எடுக்கலாம்’ என்று தேடாதீர்கள், எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று தேடுங்கள். நேராக, நோயில்லாமல், தலை விரிந்து நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் தலையோடு முட்டி மோதும் ஒன்றிரண்டு மரங்களை மட்டும் எடுத்தால் போதும். இலை நிறைந்த பருவத்தில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். இலையுதிர்ந்த பிறகு எது பட்டது, எது தூங்குகிறது என்று ஏமாந்துவிடுவோம். கட்டிய துணியை ஆறு மாதம் அப்படியே விட்டுப் போய்ப் போய்ப் பாருங்கள். நான் கட்டியதில் மூன்றில் ஒன்றை அவிழ்த்திருக்கிறேன். ஒரே அடியாகத் திறந்துவிட்டால், நிழலில் மெலிந்து வளர்ந்த மரங்களைக் காற்று சாய்க்கும், அடிமரத்தில் வெயில் சுடும், தரையில் பழையபடி களை.

எவ்வளவு எடுக்கலாம்? 1713-இல் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு விறகு தீர்ந்துகொண்டே வருவதைப் பார்த்து, வளர்வதற்கு மேல் வெட்டக்கூடாது என்று எழுதி வைத்தார். இன்றைக்கும் கணக்கு அதுதான். குளிர்நாட்டு அகலிலைக் காடு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 4, 5 கன மீட்டர் மரம் கூட்டும். வறண்ட பகுதிக் காடு இதில் பாதிகூடக் கூட்டாது. மூன்று ஏக்கர் என்பது 1.2 ஹெக்டேர். அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கும் விறகு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதிலும் பாதிக்குமேல் எடுக்காதீர்கள். மறுதாம்பு விடும் மரமாக இருந்தால், வளர்ச்சி ஓய்ந்த பருவத்தில் தரையோடு ஒட்டிச் சாய்வாக வெட்டுங்கள். தூரிலிருந்து பல போத்துகள் கிளம்பும். ஆனால் தலைக்குமேல் வெயில் விழாத தூர் துளிர்த்தாலும் நோஞ்சானாகத்தான் நிற்கும்.

கிளை கழிக்கும்போது ஒரு சிறிய விஷயம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார்: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, அந்த இடத்தை மரம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புது மரம் கட்டிக்கொள்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்த ஒரு வீங்கிய வளையம் தெரியும், விரலால் தடவினாலே தெரியும். அந்தச் சுவர் எழுவது அதிலிருந்துதான். அதனால் வளையத்துக்கு வெளியே வெட்ட வேண்டும், வளையத்தை அறுக்கக்கூடாது. முதலில் ஓரடி தள்ளிக் கிளைக்கு அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கனத்தைக் கீழே தள்ளிவிட்டு, கடைசியாக மீதிக் கட்டையை வளையத்தின் ஓரத்தில் வெட்டுங்கள். பட்டை உரியாது. வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம்.

தீக்கு முன்னெச்சரிக்கை: வறண்ட மாதங்கள் தொடங்கும் முன் எல்லை ஓரம் ஓர் அகலமான பட்டையில் சருகைக் கூட்டி ஒதுக்குங்கள். வண்டி உள்ளே வரக்கூடிய ஒரு வழியைத் திறந்து வையுங்கள். சருகைக் கொளுத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம், அடுத்த தலைமுறைக் கன்றுகள் அதில்தான் போகின்றன.

கடைசியாக, நடவு. அதற்கு இப்போதே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. காட்டில் கொஞ்சம் வெளிச்சம் விழும் ஓர் இடத்தில், மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சதுரத்தை ஆடோ மானோ தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போட்டு அடையுங்கள். பக்கத்திலேயே அதே அளவு சதுரத்துக்கு நான்கு மூலையிலும் குச்சி மட்டும் அடித்துத் திறந்து விடுங்கள். உள்ளே ஒன்றும் நட வேண்டாம், களை எடுக்கவும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சதுரத்திலும் இருக்கும் மரக்கன்றுகளை வகைவாரியாக எண்ணி எழுதுங்கள். இரண்டு வருஷத்தில் வேலிக்குள் கன்றுகள் இடுப்பளவு எழுந்து, வெளியே ஒன்றும் இல்லையென்றால், உங்களுக்குத் தேவை கன்று அல்ல, வேலி. இரண்டிலும் நிறைய எழுந்திருந்தால் உங்களுக்கு நடவு வேலையே இல்லை. இரண்டிலும் ஒன்றும் எழவில்லை, மேலே போதுமான வெளிச்சமும் இருக்கிறதென்றால், விதை வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது நடலாம். அந்த எண்ணிக்கையோடு வாருங்கள், எந்த மரம், எத்தனை, எங்கே என்று உட்கார்ந்து பேசுவோம்.